உங்க முறை, மௌலானா

நஸ்மூனிடம் கார் ஓட்டப் படித்தவர்கள் அவள் குரலை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். "கண்ணாடியைப் பாரு. பார்த்தியா? பார்க்கலை. மறுபடியும் பாரு." ஸ்கார்பரோவில் எங்கள் பள்ளிவாசலுக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் அவள் அதட்டலில் லைசென்ஸ் வாங்கியவர்கள்தான். நானும் அதில் ஒருத்தி. அதிராம்பட்டினத்தில் சைக்கிள்கூட மிதித்தறியாத என்னை, பனி கொட்டுகிற ஜனவரியில் நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக முந்திரிப் பருப்பு தின்றுகொண்டிருந்த மகராசி அவள்.

கயானாவில் நெல் விளைகிற பெர்பீஸ் பக்கம் பிறந்தவள். எங்கள் பள்ளிவாசலே கயானாக்காரர்கள் உண்டாக்கியதுதான். சோமாலிகளும் வங்காளிகளும் என்னைப் போன்ற தமிழ்க்காரர்களும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டோம். ஆரம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அறையை வாடகைக்கு எடுத்துத் தொழுதார்களாம். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள், நடுவில் காலி இடம், அவ்வளவுதான். நஸ்மூன் அப்போது இளவட்டம். பயான் பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்து பழைய மௌலானாவை ஏதாவது குடைந்துகொண்டே இருப்பாள் என்றும், அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார் என்றும் அவள் வீட்டுக்காரர் ஹனீஃப் சொல்வார்.

பிறகு, மூடிக்கிடந்த, பந்து உருட்டி விளையாடுகிற ஒரு பவுலிங் கூடத்தை வாங்கினார்கள். புது நிர்வாகம் வந்தது. புது நிர்வாகத்தோடு சுவரும் வந்தது. பெண்களுக்கு மறைவு வேண்டும் என்றார் தலைவர் ஹாஜி ஃபஸல். அந்தச் சுவரைக் கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் ஹனீஃப்தான். பலகைச் சுவர் அடிப்பது அவர் தொழில். மனுஷன் வேலை படுசுத்தம். சத்தம் கடக்காத பலகையை ரெண்டு அடுக்காக வைத்து, நடுவில் பஞ்சு திணித்து, அந்தப் பக்கம் யானை பிளிறினாலும் இந்தப் பக்கம் தெரியாதபடி எழுப்பிவிட்டார். அப்புறம் எங்களுக்கு மௌலானாவின் குரல் வருவது கூரை மூலையில் தொங்கிய ஒரு ஸ்பீக்கர் வழியாக மட்டும்தான்.

அந்த ஸ்பீக்கருக்கு எப்போது மூச்சு நிற்கும் என்று அதற்கே தெரியாது. நின்றுவிட்டால் ஸலீனா ஆன்ட்டி வளையலால் சுவரைத் தட்டி, "கேக்குதா?" என்பாள். யாருக்குக் கேட்கும்? ஸலீனாவும் கயானாக்காரிதான், நஸ்மூனுக்கு மூத்தவள், பூப்போலப் பேசுவாள். தட்டிவிட்டு ஒரு சுற்று பார்த்துவிட்டுத் தன் தலையணையில் சாய்ந்துகொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் வந்தது வினை. எல்லாரும் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் இருக்கிறோம். ஸ்பீக்கர் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிப் போனது. இமாம் தலை தூக்குவதற்கு முன்னால் நாம் தூக்கக் கூடாதே. அதனால் அவர் குரல் வரட்டும் என்று அப்படியே கிடந்தோம். மௌலானா இன்றைக்கு உருகி உருகி துஆ கேட்கிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். பக்கத்தில் ஸலீனா ஆன்ட்டி குறட்டையே விட ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வந்தது ஹனீஃப்தான். தொழுகை முடிந்து, ஆண்கள் எல்லாரும் கீழே போய் தால்பூரியும் கோழிக்கறியும் சாப்பிட உட்கார்ந்து, பாதிச் சட்டி காலியானபிறகு, பெண்டாட்டியைக் காணோமே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

சிரித்தோம் பாருங்கள், வயிறு புண்ணாகிற அளவுக்குச் சிரித்தோம். நஸ்மூன் மட்டும் சிரிக்கவில்லை. காலணியைப் போடுகிறபோது என் பக்கம் திரும்பி, "இத்தனை பேர் வரலையேன்னு கீழ ஒருத்தருக்கும் தோணலை பாத்தியா" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் குரலை இறக்கிப் பேசி அன்றுதான் கேட்டேன். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

மறுநாளே ஹாஜி ஃபஸலிடம் போய் நின்றாள். அவர் பாவம், கெட்டவர் இல்லை. புது ஸ்பீக்கர் போட்டுவிடலாம், வேண்டுமானால் பெரிய டிவியும் மாட்டலாம் என்றார். சுவரை எடுங்கள் என்றாள் இவள். அவருக்கு விளங்கவில்லை. குரல் வந்தால் போதாதா, வேறென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"அவர் பேச்சு என் காதுக்கு வந்தா மட்டும் போதாது, ஹாஜி. என் பேச்சும் அவர் காதுக்குப் போகணும்" என்று சொல்லியிருக்கிறாள்.

மௌலானா இம்தியாஸைப் பற்றியும் சொல்லவேண்டும். ட்ரினிடாட்காரர், நல்ல படிப்பாளி, தங்கமான மனுஷன். ஒரே ஒரு குறை, யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். அவரும் நஸ்மூனிடம் கார் படித்தவர்தான். நாலு பக்கமும் 'நில்' பலகை வைத்த சந்திப்பு இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. முதலில் வந்து நின்றவன் முதலில் போகவேண்டும். மௌலானா முதலில் வந்து நிற்பார். நின்று, மற்ற மூன்று பக்கத்துக்காரர்களுக்கும் கையைக் காட்டி நீங்க போங்க, நீங்க போங்க என்பார். பின்னால் ஹாரன் அலறும். நஸ்மூன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்க முறை, மௌலானா. போங்க" என்று ஒரு அதட்டுப் போடுவாள். அப்போதுதான் வண்டி நகரும். சுவர் விஷயத்திலும் அவர் அதே சந்திப்பில்தான் நின்றார். நஸ்மூன் சொல்வதும் நியாயம், ஹாஜியார் சொல்வதும் நியாயம், கொஞ்சம் பொறுப்போம் என்றார்.

அந்த நேரம் பார்த்து ஆர்மிடேஜ் வந்து சேர்ந்தார். பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவர். தன் மார்க்கத்தைத் தானே கேள்வி கேட்கத் தெரியாத கூட்டம் என்று எங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதித் தள்ளினார். எங்கள் பக்கம் கொதித்தது. பொது நூலகத்தில் ஒரு விவாதம் வைப்போம், ஆர்மிடேஜ் ஒரு பக்கம், உங்கள் இமாம் ஒரு பக்கம் என்று நூலகத்தார் அழைத்தார்கள். மௌலானா ஒத்துக்கொண்டார்.

உடனே ஹாஜி ஃபஸல் பெண்களைத் தேடி வந்தார். எல்லாரும் வாருங்கள், முன்வரிசையில் உட்காருங்கள், நன்றாகக் கைதட்டுங்கள் என்றார். பள்ளிவாசலில் பின்னால் சுவருக்கு அப்பால் வைத்தவர் எங்களை நூலகத்தில் முன்வரிசைக்குக் கூப்பிட்டதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நஸ்மூனைத் தனியாகக் கூப்பிட்டு, அங்கே சுவர்ப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று கெஞ்சினார். பிறகு மிரட்டினார்.

"வெறும் வாயை மெல்றவனுக்கு அவல் கொடுத்துடாதே. அங்க நீ வாயைத் திறந்தா, அப்புறம் இந்த ஜமாஅத்துல உனக்கு இடம் கிடையாது" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இந்த ஜமாஅத்தில்தான் நஸ்மூனுக்கு நிக்காஹ் நடந்தது. இந்த ஜமாஅத்துதான் அவள் தாயைத் தோளில் சுமந்துபோய் அடக்கியது. இடம் கிடையாது என்று அவளிடமா சொல்வது?

அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சஜ்தாவில் கிடந்த கதை கல்யாண வீடுகளில் வாய்க்கு வாய் ஓடி எப்படியோ ஆர்மிடேஜ் காதுக்கும் போயிருக்கிறது. அவரே நஸ்மூனுக்குப் போன் செய்து, மேடையில் வந்து சொல்லுங்கள், உங்கள் தைரியத்தை நாடே பாராட்டும் என்று பேசினார். அது உங்கள் மேடைக்கான கதை இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அப்படித்தான் ஆனது அவள் பாடு. பேசினால் சொந்த ஜனத்தைக் காட்டிக்கொடுத்தவள். பேசாவிட்டால், ஊருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்த சந்தோஷத்தில் அந்தச் சுவர் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். போகப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விவாதத்தன்று மத்தியானம் அவளே என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தாள்.

கூட்டம் நெரிந்தது. நம்மவர்கள் பாதி, வெள்ளைக்காரர்கள் பாதி. ஆர்மிடேஜ் நல்ல உயரம், நல்ல கோட்டு, வெண்ணெய் தடவின பேச்சு. எனக்கு உங்கள்மேல் பகை இல்லை என்றுதான் ஆரம்பித்தார். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் போதும், உங்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், எழுந்து நின்று உங்கள் இமாமிடம் நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் ஆட்கள் கைதட்டினார்கள்.

மௌலானா எழுந்தார். குரல் நன்றாக இருந்தது. கலீஃபா உமர் (ரலி) காலத்துச் சம்பவத்தைச் சொன்னார். மணமகன் பெண்ணுக்குத் தரவேண்டிய மஹருக்கு ஒரு வரம்பு கட்டப்போவதாக உமர் மிம்பர் மேடையில் நின்று அறிவிக்கிறார். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, இறைவன் எங்களுக்குக் கொடுத்ததைக் குறைக்க உங்களுக்கு ஏது உரிமை என்று மறிக்கிறாள். அத்தனை பெரிய ஆட்சியாளர் அந்த இடத்திலேயே, இந்தப் பெண் சொன்னது சரி, உமர்தான் தவறு என்று ஒப்புக்கொள்கிறார். எங்கள் மார்க்கத்தில் கேள்விக்கு இடம் இருந்தது, இருக்கிறது என்று முடித்தார் மௌலானா. கூரை அதிரக் கைதட்டு. ஹாஜி ஃபஸல் எழுந்து நின்றே தட்டினார். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன், எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போனது.

ஆர்மிடேஜ் அசரவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய கதையை விடுங்கள், போன மாதக் கதையை நான் சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டே எங்கள் சஜ்தாக் கதையை எடுத்தார். ஸ்பீக்கர் செத்தது, ஆண்கள் சாப்பிடப் போனது, ஒரு அறை நிறையப் பெண்கள் தரையில் கிடந்தது என்று ஒவ்வொன்றாக ருசித்துச் சொன்னார். கூடம் சிரித்தது. நாங்கள் எங்களுக்குள் சிரித்த சிரிப்பு வேறு. இது வேறு. என் முகம் எரிந்தது. நம்மவர்கள் அத்தனை பேரும் திரும்பி நஸ்மூனைப் பார்த்தார்கள். ஹாஜி ஃபஸல் பார்த்த பார்வையில் அவள் பேரை அங்கேயே வெட்டிவிட்டார் என்று தெரிந்தது.

நஸ்மூன் இரண்டு கையையும் மடியில் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். எழுந்தாள். நடுவழியில் வைத்திருந்த மைக்குக்கு நடந்தாள். நான் அவள் முந்தியைப் பிடித்து இழுக்கப் போனேன், கைக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஆர்மிடேஜைப் பார்த்தாள்.

"சார், தரையில நெத்தியை வச்சிருந்தது நான். இது உங்களுக்கான கதை இல்லைன்னு போன்லயே சொன்னேன். அப்படியும் எடுத்துக்கிட்டீங்க. எனக்குச் சுவர் மேலதான் கோபம், தொழுகை மேல இல்ல. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டாதீங்க. இப்ப கொஞ்சம் உக்காருங்க, எனக்கு எங்க மௌலானாகிட்ட ஒரு பேச்சு இருக்கு."

உட்கார்ந்துவிட்டார், ஐயா. அந்தக் குரலுக்கு உட்காராதவன் எவன்?

மேடைப்பக்கம் திரும்பினாள். "மௌலானா, அந்தப் பொண்ணு எங்க உக்காந்திருந்தா?"

"பள்ளிவாசல்ல. பின்னால."

"நடுவுல சுவர் இருந்துச்சா?"

"இல்ல."

"நம்ம சுவர் அங்க இருந்திருந்தா, அவ சொன்னது உமர் காதுல விழுந்திருக்குமா?"

ஹாஜி ஃபஸல் கண்ணை மூடிக்கொண்டார். மௌலானா ஹாஜியாரைப் பார்த்தார், ஆர்மிடேஜைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும் அந்த முகம். நாலு பக்கமும் வண்டி நிற்கிறது, மனுஷன் எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டு நிற்கிறார்.

நஸ்மூன் மைக்கை விட்டு நகரவில்லை. "உங்க முறை, மௌலானா" என்றாள். அதட்டவில்லை, அன்பாகவே சொன்னாள். "போங்க."

மௌலானா மேடை மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். மைக்கைக்கூட எடுக்கவில்லை.

"நஸ்மூன் சொன்னது சரி. நான்தான் தவறு. அந்தச் சுவரை நான் என்னைக்கோ எடுத்திருக்கணும்."

பின்னால் ஒரு வயசான வெள்ளைக்காரி எழுந்து கைதட்டினாள். அப்புறம் எங்கள் சோமாலிப் பெண்கள் தொண்டை கிழியக் குலவை போட்டார்கள். ஆண்களும் எழுந்தார்கள். எது யார் கைதட்டு என்று பிரிக்க முடியவில்லை. ஆர்மிடேஜ் ஏதோ சொல்ல எழுந்தார். ஒருத்தர், ஒரே ஒருத்தர், எழுந்து இமாமிடம் தப்பு என்று சொல்ல முடியுமா என்று கேட்டாரே, கண் முன்னாலேயே சொல்லியாகிவிட்டது, இமாமும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. இனி அவர் என்ன பேச? தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் பத்திரிகையில் அவர் மிதிவண்டிப் பாதைகளைப் பற்றி எழுதியிருந்தார்.

ஆனால் ஹாஜி ஃபஸல் அவ்வளவு லேசில் விடுகிறவரா? ஜமாஅத்துக் கூட்டத்தில் எழுந்து, அந்த உமர் சம்பவத்துக்கு ஆதாரம் பலவீனம், அதை வழிவழியாகச் சொல்லிவந்த அறிவிப்பாளர் வரிசையில் குறை இருக்கிறது என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஸ்பீக்கரில் அதைக் கேட்டு எனக்கு வந்ததே கோபம். பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளியில் வாயைத் திறக்காதவள் நான், எழுந்து கதவைத் திறந்துகொண்டு ஆண்கள் பக்கம் போய் நின்றுவிட்டேன். "நூலகத்துல எழுந்து நின்னு கைதட்டினப்ப பலமா இருந்துச்சே, ஹாஜியார். பொம்பளை கேட்டதும் பலவீனமாயிடுச்சா?" என்றேன். ஆண்கள் பக்கத்திலேயே குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

மௌலானா இம்முறை யாருக்கும் கை காட்டவில்லை. ஹாஜியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அந்த அறிவிப்பில் பேச்சு உண்டுதான், அதையும் நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "அதை விட்டுடுவோம். நபி (ஸல்) காலத்துப் பள்ளியில ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவுல சுவர் இருந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சுவரை எடுக்கலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கினால் யார் எண்ணுவது? அதனால் பெண்கள் எல்லாரும் எழுந்து கதவு வழியாக இந்தப் பக்கம் வந்து நின்று தூக்கினோம். அந்தக் காட்சி ஒன்றே போதும், கணக்கு பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஸலீனா ஆன்ட்டிக்கு மட்டும் கொஞ்சம் முகம் தொங்கியது, சாய்ந்து உட்கார மறைவு வேண்டுமே என்று. பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும் ஆகட்டும் என்று ஒரு மூலையில் திரை போடுவதாகச் சொன்னார்கள். சரி என்று அவளும் கையைத் தூக்கினாள்.

உடைக்க வந்ததும் ஹனீஃப்தான். அந்தப் பலகையும் பஞ்சும் லேசில் பெயருமா? வியர்த்து வழிய, "இவ்வளவு நல்லா கட்டியிருக்கக் கூடாது" என்று புலம்பினார். நஸ்மூன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கண்ணாடியைப் பாத்து வண்டி ஓட்டியிருந்தா இப்படி ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்காது, ஹனீஃப்" என்றாள். பாதியில் ஹாஜி ஃபஸல் வந்தார். சண்டைக்கோ என்று பார்த்தோம். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு சுத்தியலை எடுத்தார். நஸ்மூனைப் பார்த்து, "உன் இடம் எங்கயும் போகலை" என்று முணுமுணுத்தார். அவள் எல்லாருக்கும் கொண்டுவந்திருந்த பைன் டார்ட் அன்னாசிப் பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சுவரில்லாத முதல் ஜும்ஆ. முன்னால் ஆண்கள், பின்னால் நாங்கள், நடுவில் காலி இடம். மௌலானாவின் குரல் எந்த இருமலும் இல்லாமல் நேரே வந்தது. சஜ்தாவிலிருந்து எல்லாரும் ஒன்றாகத் தலை தூக்கினோம். தொழுகை முடிந்து பயானும் முடிந்தது. யாருக்காவது ஏதாவது கேட்கவேண்டுமா என்றார் மௌலானா. ஆண்கள் எல்லாரும் ஒருசேரத் திரும்பி நஸ்மூனைப் பார்த்தார்கள். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இடித்தேன். அவள் அசையவில்லை.

எழுந்தது ஸலீனா ஆன்ட்டி. பழக்க தோஷம், வளையல் கையைத் தட்டுவதற்கு ஓங்கிவிட்டாள். தட்டச் சுவர் இல்லை. கை அந்தரத்தில் நின்றது. அந்தப் பூப்போன்ற குரலில், "கேக்குதா?" என்றாள்.

மௌலானா கழுத்தை நீட்டி அவளை நேராகப் பார்த்தார். "கேக்குது, ஸலீனா ஆன்ட்டி. சொல்லுங்க."

நஸ்மூன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.